மூன்றாவது பத்தி

கலைச்செல்வனை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மனம் மாறி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அவன் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களும் மன்னிக்க மாட்டீர்கள். அப்படியும் மன்னிக்கிற பெரிய மனசு உள்ளவர்கள் எழுந்து போய் வேறு வேலையைப் பாருங்கள்.

என் பெயர் பூவிழி. குன்னம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, அரியலூர் போகிற ரோட்டில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் எதுவானாலும் சனங்கள் என் கடைக்குத்தான் வருவார்கள். ஜெராக்ஸ் மிஷினை ராசாத்தி அக்கா பார்த்துக்கொள்கிறார். என் தங்கை பிரவீணா அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐந்து வருடத்துக்கு முன்பு, ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டே முக்காலுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி அவள் ஸ்கூட்டியைப் பின்னாலிருந்து இடித்தது. இருபத்து நாலு வயது. லாரி நிற்கக்கூட இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் கலைச்செல்வன் வந்தான். பிரவீணாவோடு காலேஜில் படித்தவன், சாவுக்கும் வந்து கூடமாட நின்றவன். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான்.

"அழுதுகிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாதுக்கா. அந்த ரோட்டுல லாரி அடிச்சு செத்தவங்க ஒவ்வொருத்தரைப் பத்தியும் எழுதுங்க. நான் இன்டர்நெட்ல ஒரு பிளாக் போட்டுத் தரேன்" என்றான்.

அன்றைக்கு அவன் எனக்குத் தம்பி மாதிரி தெரிந்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிளாக்குக்கு 'சுண்ணாம்பு ரோடு' என்று பெயர் வைத்தேன். முதல் பதிவு பிரவீணாவைப் பற்றியது. பிறகு வீடு வீடாகப் போனேன். செத்தவர் யார், எந்த வளைவில், எத்தனை மணிக்கு, லாரி நம்பர் என்ன, பார்த்தவர் யார், எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பேர். துபாயிலிருந்தெல்லாம் படித்தார்கள். அதன் பலனாகத்தான் பள்ளிக்கூட நேரத்தில், காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும், அந்த ரோட்டில் கல் லாரி ஓடக்கூடாது என்று தடை வந்தது. அந்த உத்தரவை ஃபிரேம் போட்டு பிரவீணா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

அதே வருடம் கலைச்செல்வன் கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டு வெண்பாறை டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்தான். லாரியெல்லாம் யாருடையது என்கிறீர்கள்? அந்தக் கம்பெனி முதலாளி பாலசுந்தரத்தினுடையதுதான்.

"ஏன்டா, அங்கயா போயி சேருவ?" என்று கேட்டேன்.

"உள்ள இருந்தாத்தான்க்கா நாலு நல்லது செய்ய முடியும்" என்றான். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

போன வருடம் தடையை நீக்கச் சொல்லி பாலசுந்தரம் மனுப் போட்டார். அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை. கோட்டாட்சியர் மேடையில் இருந்தார், கீழே முந்நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். நான் நாற்பத்தொரு பதிவையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து, "இந்தம்மா டைப்பிங் கடை வச்சிருக்காங்க. நேத்து ராத்திரி உக்காந்து அடிச்ச பேப்பரா இது, மூணு வருசத்துக்கு முன்னாடி எழுதினதா, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். சரி, தேதியோடு ஊரே படிக்கிற பிளாக் இருக்கிறதே, எல்லோரும் போனில் திறந்து பாருங்கள் என்றேன்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். பக்கம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெள்ளைத் திரையில் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

கலைச்செல்வன் எழுந்தான். "சார், அக்காவோட ஆதாரம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு சார். டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாமா?" என்றான். மண்டபமே சிரித்தது. செத்தவர்கள் வீட்டு ஆட்கள்கூட இரண்டு பேர் சிரித்ததை நான் பார்த்தேன்.

மாலை நேரத் தடை அன்றோடு போயிற்று. காலை நேரத்தைப் பற்றி அடுத்த விசாரணையில் முடிவு செய்வதாகச் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் நாற்பத்திரண்டாவது பதிவை எழுதினேன். பெயர் குஞ்சம்மாள், பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்தவர், நேரம் மாலை ஐந்து பத்து. என் பக்கம் அன்று திறந்திருந்தால் அந்த அம்மா இருந்திருப்பார்.

பக்கம் ஏன் படுத்துக்கொண்டது என்று தேட ஆரம்பித்தேன். வாரக்கணக்கில் படித்தேன். பாதி புரியாது, எரிச்சலில் மவுஸைத் தூக்கி அடிப்பேன், ராசாத்தி அக்கா எடுத்துக் கொடுப்பார். கடைசியில் விஷயம் என் கடையிலேயே இருந்தது. வருமானச் சான்று விண்ணப்பம் கேட்டு ஒருவர் வந்தால் நான் புதிதாக டைப் அடிக்க மாட்டேன், முன்கூட்டியே நூறு தாள் அடித்து அடுக்கி வைத்திருப்பேன், உருவிக் கொடுத்துவிடுவேன். என் பிளாக் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் பக்கத்தைக் கேட்டால் சர்வர் டேட்டாபேஸைத் துழாவி, தலைப்பை எடுத்து, பதிவை எடுத்து, கமெண்டை எடுத்து, ஒட்டிச் சேர்த்துக் கொடுக்கும். அடுத்த ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து அதே வேலை. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் அது என்ன செய்யும், பாவம்.

ஆகவே எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே முழுசாகச் செய்து, ஸ்டாடிக் ஃபைலாக வெளியே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். டேட்டாபேஸும் எழுதுகிற இடமும் பழைய சர்வரிலேயே இருக்கும், வெளியாட்கள் அங்கே போக மாட்டார்கள். நான் எழுதி முடித்து ஒரு பட்டனை அழுத்தினால் புதுப் பக்கம் ஃபைலாகி வெளியே போகும். அழுத்தாவிட்டால் வெளியே இருப்பது அப்படியே இருக்கும். ஊருக்கு வெளியே, ஒரு புள்ளி சிக்னலில் போனைத் திறந்து பார்த்தேன். விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. நடு ரோட்டில் நின்று ஓவென்று கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்த மனு அடித்தாலும் ஒரு ஆபீஸ் காப்பி எடுத்துத் தேதி முத்திரை குத்தி ஃபைலில் போட்டுவிடுவோம். பிளாக் பதிவுகளுக்கும் அப்படித்தான், எழுதின அன்றே ஒரு காப்பி. ஸ்டாடிக் ஃபைல் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று ராசாத்தி அக்கா காப்பியைப் படிக்க, நான் திரையில் சரி பார்த்தேன்.

ஏழாவது பதிவில் அக்கா நிறுத்தினார். "பூவு, இங்க லாரி நம்பரு கடைசியில எட்டுன்னு இருக்கு. அங்க என்ன?"

திரையில் மூன்று என்றிருந்தது.

பன்னிரண்டாவதில் இடது பக்கம் வலது பக்கமாகியிருந்தது. பத்தொன்பதில் காலை எட்டு மணி, காலை ஆறு மணியாகியிருந்தது. மொத்தம் ஆறு பதிவுகள். யார் எப்போது திருத்தினார்கள் என்கிற பட்டியலைத் திறந்தேன். ஆறிலும் ஒரே பெயர். கலைச்செல்வன். பிளாக் போட்டுக் கொடுத்தபோது அவனுக்கென்று ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டான், நான் அதை மறந்தே போயிருந்தேன். தேதியெல்லாம் அவன் கம்பெனியில் சேர்ந்த பிறகு.

உள்ளே இருந்து நல்லது செய்தவன் செய்த நல்லது இது! செத்தவர்கள் வீட்டுக்கு நடந்து நடந்து, அழுகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினதை, ஏசி ரூமில் உட்கார்ந்து ஒரு விரலால் மாற்றியிருக்கிறான். நாசமாய்ப் போகிறவன்.

"மொதல்ல பாஸ்வேர்டை மாத்து. போலீசுக்குப் போவோம்" என்றார் ராசாத்தி அக்கா.

"போனா என்னக்கா சொல்லுவான்? கை தவறி அழுத்திட்டேன்னுவான். ரெண்டு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க. என்னை எத்தனை பேருக்கு முன்னாடி சிரிக்க வச்சான்? அத்தனை பேருக்கு முன்னாடி அவன் மாட்டணும்."

ஆபீஸ் காப்பியைப் பார்த்து ஆறு பதிவையும் பழையபடி திருத்தினேன். பட்டனை அழுத்திச் சரியான பக்கங்களை வெளியே அனுப்பினேன். பிறகு அவன் பாஸ்வேர்டைத் தொடாமல் விட்டேன். உள்ளே போகும் வழி மட்டும் அவனைப் பழைய சர்வருக்கே கொண்டுபோகும்படி வைத்தேன். கலைச்செல்வனிடம் ஒரு பழக்கம் உண்டு. எதில் நுழைந்தாலும் லாக் அவுட் பண்ண மாட்டான். என் கடைக் கம்ப்யூட்டரில் அவன் மெயிலை அப்படியே விட்டுப் போனதற்கு எத்தனை முறை திட்டியிருப்பேன்! லாக் அவுட் பண்ணாமல் உள்ளேயே இருப்பவனுக்கு, எப்போது திறந்தாலும் பழைய சர்வரில் அவன் மாற்றினதுதான் தெரியும். வெளியே ஊர் பார்ப்பது வேறு என்று அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது?

அடுத்த விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். 'என் ஆதாரம் முழுவதும் என் பிளாக்கில் இருக்கிறது, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நானே பொறுப்பு' என்று மனுவில் கொட்டை எழுத்தில் அடித்து, கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பினேன். கோழி பிடிக்கக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை நாலு பன்னிரண்டுக்கு அவன் உள்ளே வந்தான். லாரி நம்பரோ மணியோ மாற்றுவான் என்று நினைத்திருந்தேன். அவன் திறந்தது முதல் பதிவை. பிரவீணாவை.

மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் எழுதியதுபோல் இதை எழுதியிருந்தான்: 'அன்று காலை பிரவீணா என்னோடு செல்போனில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது எனக்கே கேட்டது. வண்டியை நிறுத்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.'

என் தங்கை தன் தப்பால் தானே செத்ததாக ஆக்கிவிட்டான், அதற்கு என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டான். அவள் சாவு வீட்டில் பந்தல் கட்ட ஏணி பிடித்தவன் அவன். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன் அப்போது எதிரே வந்திருந்தால் கத்தரிக்கோலால் குத்தியிருப்பேன்.

ராசாத்தி அக்கா தண்ணீர் கொடுத்தார். "இதையாவது அழிச்சிடு பூவு. நாளைக்கு ஏதாச்சும் தப்பாயி இதுவே வெளிய போயிட்டா?"

அக்கா சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நான் மறந்தாலும் புதுப் பதிவு வெளியே போகட்டும் என்று, தினமும் காலை ஆறு மணிக்குப் பட்டன் தானாகவே அழுந்தும்படி நான்தான் வைத்திருந்தேன். ஐயோ! இன்னும் பதினாலு மணி நேரத்தில் அவன் பொய் என் பெயரோடு ஊரெல்லாம் போயிருக்கும். அதை நிறுத்தினேன். நின்றுவிட்டதா என்று நாலு தடவை பார்த்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு பிரவீணா படத்துக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வெளிப் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது பத்தி நான் எழுதினபடியே இருந்தது.

அதே மண்டபம். இந்தத் தடவை கூட்டம் இன்னும் அதிகம். புதிதாக வந்திருந்த கோட்டாட்சியர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், குறைவாகப் பேசுகிறவர். பாலசுந்தரம் முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் இருந்தார். கலைச்செல்வன் மைக்கைப் பிடித்தான்.

"மேடம், எங்க மேல பழி போட்டுத்தான் இந்தத் தடையே வந்தது. ஆனா பூவிழி அக்காவே உண்மையை எழுதி வச்சிருக்காங்க. அவங்க பிளாக்ல, முதல் பதிவு, மூணாவது பத்தி. தங்கச்சி செல்போன்ல பேசிக்கிட்டே வண்டி ஓட்டினதா அவங்க கைப்படவே எழுதியிருக்காங்க. ஒவ்வொரு வரிக்கும் நானே பொறுப்புன்னு மனுவுலயும் சொல்லியிருக்காங்க. தயவுசெஞ்சு எல்லாரும் தெறந்து பாருங்க."

போன தடவை நான் சொன்ன அதே வார்த்தை! நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மண்டபம் முழுக்கப் போன்கள் திறந்தன. எதுவும் சுற்றவில்லை. கோட்டாட்சியர் விரலை வைத்தார், பக்கம் வந்துவிட்டது. மூன்றாவது பத்தியை அவரே மைக்கில் படித்தார்.

'அன்று காலை பிரவீணா செல்போனை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அது அடுப்படியில் சார்ஜரில் கிடந்தது. ஒன்பது மணிக்குப் பள்ளியிலிருந்து அதில் கூப்பிட்டார்கள். டீச்சர் இன்னும் வரவில்லையே என்று கேட்டார்கள். இதோ வந்துவிடுவாள் என்று நான்தான் சொன்னேன்.'

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மண்டபத்தில் யாரோ ஒரு அம்மா விசும்பியது கேட்டது.

"நீங்க சொன்னது எங்கப்பா இருக்கு?" என்றார்.

கலைச்செல்வன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்தவன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். இன்னொருவன் போனைப் பார்த்தான். "இல்ல மேடம், இருக்கு மேடம், என் போன்ல இருக்கு" என்று உளறிக்கொண்டே மேடையில் ஏறி, தன் போனை அவர் கையிலேயே கொடுத்தான். கூடைக்குள் தானாகவே வந்துவிட்டான்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "மேடம், ஊர்ல முந்நூறு போன்ல இல்லாதது அவன் போன்ல மட்டும் இருக்கு. மேல ஒரு கறுப்புப் பட்டை தெரியும் பாருங்க. பிளாக்குக்குள்ள திருத்தப் போறவங்களுக்கு மட்டுந்தான் அது வரும். அதுல யாரு பேரு போட்டிருக்குன்னு சத்தமாப் படிங்க மேடம்."

கோட்டாட்சியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வணக்கம், கலைச்செல்வன்" என்று படித்தார்.

கலைச்செல்வன் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

"பக்கத்துல திருத்தினவங்க பட்டியல் இருக்கும் மேடம். அதையும் பாருங்க" என்றேன்.

"நேற்று, மாலை நாலு பன்னிரண்டு. கலைச்செல்வன்" என்று படித்தார். பிறகு போனை மேசை மேல் வைத்துவிட்டு, இதையெல்லாம் போட்டோ எடுத்துப் பதிவு செய்யும்படி உதவியாளரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை வாயால் சொல்ல முடியாது. குஞ்சம்மாள் மகன் மேடையை நோக்கி ஓடினான், போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் பாலசுந்தரம் எழுந்து, "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, இவன் தானா செஞ்சிருக்கான்" என்று கும்பிட்டார். கலைச்செல்வன் அவரைப் பார்த்தான். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கலைச்செல்வன் என்னிடம் வந்தான். "அக்கா, கை தவறி நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"மூணு வரி முழுசா கை தவறுமாடா? டீ குடிச்சிட்டு வா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். போன வருடம் சிரித்தவர்கள் இப்போதும் சிரித்தார்கள். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. காலைத் தடை நீடிக்கும், மாலைத் தடையும் திரும்ப அமலுக்கு வரும். போலீசில் புகார் கொடுத்தேன், வழக்கு நடக்கிறது. பாலசுந்தரம் அவனை வேலையை விட்டு நீக்கினார். நான் ஒரு புதுப் பதிவு எழுதினேன். அவன் மாற்றின ஆறு பதிவுகள், பிரவீணா பற்றி எழுதின அந்த மூன்று வரி, தேதி, நேரம், அவன் பெயர், தகப்பன் பெயர், ஊர். பட்டனை அழுத்தினேன்.

போன மாதம் கடைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். "அந்தப் பக்கத்தை எடுத்துடுங்கக்கா. பொண்ணு பாக்கப் போற எடத்துல என் பேரைப் போட்டுத் தேடினா அதுதான்க்கா மொதல்ல வருது" என்றான்.

"வேகமா வருதா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வருதுக்கா."

"நல்லது. போயிட்டு வா."

அவன் பாஸ்வேர்டை நான் இன்னும் மாற்றவில்லை. ராசாத்தி அக்கா திட்டுகிறார். திட்டட்டும், ஆபீஸ் காப்பி பத்திரமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அவன் உள்ளே வந்து அந்தப் பக்கத்தை அழிக்கிறான். அவன் திரையில் அது போய்விடும். வெளியே வந்து தேடினால் அங்கேயே இருக்கும். அடுத்த வாரம் மறுபடி வருவான். நேற்றும் வந்து அழித்திருக்கிறான், நேரம் மாலை நாலு நாற்பது. பிரவீணா பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வருகிற நேரம் அது. கடை வாசலில் போய் நின்று பார்த்தேன், ரோட்டில் ஒரு லாரி இல்லை.